பனியில் சிரிப்பவர்கள்

திருச்செந்தூர் பாசஞ்சர் எதிர்வண்டிக்காகக் குரும்பூரில் நிற்கிறது. திருநெல்வேலியில் வாங்கிய பழைய படப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தென்துருவத்தைத் தேடிப் போனவர்கள் குளிர்காலம் முழுக்க ஒரு மரக்குடிலில் அடைந்து கிடந்தபோது எடுத்த படங்கள். ஒன்றில், பனியில் வெடித்த உதடுகளோடு ஏழெட்டுப் பேர் விருந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறார்கள்.

எதிர் இருக்கையில் காயல்பட்டினத்துக் கணவனும் மனைவியும். அவர் துபாயிலிருந்து லீவில் வந்திருப்பதாக ஏறியதுமே சொன்னார். மனைவி படத்தை எட்டிப் பார்க்கிறார்.

"சந்தோசமாத்தான் இருந்திருக்காங்க."

"போட்டோ வீட்டுக்குப் போவும்லா, சிரிக்காம என்ன செய்ய?" என்கிறார் கணவர். "எங்க ரூம்லயும் இப்படித்தான், எட்டுப் பேரு."

மனைவி இப்போது அவரைப் பார்க்கிறார்.

"அப்ப, போன பெருநாளைக்கு நீங்க அனுப்புன போட்டோ, மச்சான்?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

"அன்னைக்கு எனக்கு நல்ல காய்ச்சல்."

எதிர்வண்டி கூவிக்கொண்டு கடந்து போகிறது. நான் இருப்பதைப் பொருட்படுத்தாமல், அந்தப் பெண் கணவரின் நெற்றியில் கையை வைக்கிறார். எங்கள் வண்டி நகர்ந்த பிறகும் எடுக்கவில்லை.