உதறு அக்கா

கையில் கிடைத்ததை உதறாமல் கீழே வைக்க அவளுக்கு வராது. போர்வை, குடை, கைக்குட்டை, கடையில் வாங்கிய பை, எல்லாவற்றுக்கும் மூன்று உதறு உண்டு. ஒருமுறை மருமகனின் சட்டையை, அவர் போட்டிருக்கும்போதே பிடித்து உதறிவிட்டாள். "தூசி இருந்துச்சு மாப்ள" என்றாளே தவிர, வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

தொழில் அப்படி. களை முளைக்காமலிருக்கப் பாத்தி மேல் விரிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை, அறுவடை முடிந்ததும் வயல் வயலாகப் போய்ச் சுருட்டி வருபவள் அவள். உதறு அக்கா என்பது ஊர் வைத்த பெயர். ஒரு நுனியை வயல்காரர் கையில் திணித்துவிட்டு, மறு நுனியோடு பின்னால் போய், "ஒண்ணு, ரெண்டு..." என்பாள். மூன்று வருவதற்குள் உதறிவிடுவாள். வயல்காரர் தலையெல்லாம் மண். "உங்க மண்ணு உங்களுக்கே. எனக்கு ஷீட்டு போதும்" என்று சிரிப்பாள்.

சும்மா சொல்லக் கூடாது. அவள் வருவதற்கு முன்னால் அந்த ஷீட்டுகளை எல்லோரும் வரப்போரம் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அறுபது வீட்டுப் படியேறி, கெஞ்சி, மிரட்டி, அதை நிறுத்தினாள். ஆனால் மறுசுழற்சி ஆலைக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு சுருளில் மண்ணோ ஈரமோ இருந்தாலும் மொத்த லோடும் வேண்டாம் என்பார்கள். இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. மூன்றாவது முறையும் சொன்னால் லாரி இந்தப் பக்கமே வராது. ஊர் மறுபடி தீப்பெட்டியைத் தேடும். அக்காவின் பயமெல்லாம் அதுதான்.

லாரி வரவேண்டிய நாள் காலையில், கடைசி வயலை முடித்துவிட்டு வந்து பார்த்தால், கொட்டகை வாசலில் கணவர் நிற்கிறார். கையில் தண்ணீர்க் குழாய், முகம் கொள்ளாத பெருமை.

"மண்ணே இருக்கக் கூடாதுன்னியே! எல்லாத்தையும் பிரிச்சு சுத்தமா கழுவிட்டேன்!"

இருபது சுருள். சொட்டச் சொட்ட.

"ஈரமும் கூடாதுங்க! எத்தனை தடவ சொன்னேன்!"

"அதை எந்தக் காதுல சொன்ன?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அழுவதா, அடிப்பதா என்று ஒரு நொடி பார்த்தாள். அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. நல்லவேளையாக வெயிலும் இருந்தது, காற்றும் இருந்தது. தெருவில் இறங்கிக் கை தட்டினாள். "எல்லாரும் வாங்க! ஆளுக்கொரு நுனியப் பிடிங்க! ஓடுங்க!"

மளிகைக்கடைக்காரர் வந்தார். தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். காலி மைதானத்தில் கறுப்பு ஷீட்டுகள் படபடவென்று அடிக்க, ஊரே முன்னும் பின்னும் ஓடியது. தடுக்கி விழுந்தவர் மேல் அடுத்தவர் விழுந்தார். தூக்கிவிடப் போனவரும் சேர்ந்து விழுந்தார். கணவர் மூன்று ஆள் வேலையைத் தனியாகச் செய்தார், குற்றவாளி அல்லவா! அத்தனை பயத்திலும் அக்காவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

காய்ந்ததையெல்லாம் மறுபடி சுருட்டி அடுக்கி முடிக்கவும், மூன்று மணிக்கு லாரி வந்தது. ஆலை மேற்பார்வையாளர் அடியிலிருந்து ஒரு சுருளை இழுத்து, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே எடுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் வெள்ளைச் சட்டையிலேயே தேய்த்தார். சட்டையில் ஒரு பொட்டு இல்லை, ஈரமும் இல்லை.

"ஏத்துங்க" என்றார்.

ஊர் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன. அக்கா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு நேராகக் கணவரிடம் போனாள். வியர்வையில் தெப்பமாக நனைந்து நின்றார் மனிதர்.

"விடு, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்று அவர் தலையை இழுத்துப் பிடித்து, அழுத்தித் துவட்டத் தொடங்கினாள்.