ஆளுயரக் கேடயம்

லா ஷப்பல் மெட்ரோ வாசலில் ஆளுயரக் கேடயம் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதன் சொந்தக்காரர்போல ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் பக்கத்தில் நிலைகொள்ளாமல் நடக்கிறார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.

"எதுக்குண்ணே இது?"

"படத்துக்கு, தம்பி. அந்தக் காலத்துச் சண்டை. வில்லுக்காரன் அடுத்த அம்பு பூட்டும்மட்டும் நான் இதைப் பிடிச்சு அவனை மறைக்கோணும். மூண்டு படம் நடிச்சிட்டன். என்ர மனிசி திரையில கண்டது என்ர காலை மட்டுந்தான்."

"இன்னைக்கு?"

"இண்டைக்குக் கேடயத்தை இறக்கி, அம்பு பட்டு விழோணும். முகம் தெரியும்." தெருமுனையை எட்டிப் பார்க்கிறார். அவரை ஏற்றிப்போக வேண்டிய படப்பிடிப்பு வேன் இன்னும் வரவில்லை. "முந்தநாள் சரிவரேல்லை. சத்தம் கேட்டவுடனை கை தானா மேலை போகுது. இண்டைக்கும் பிழைச்சால் வேறை ஆளைப் போடுவினம். நேற்று முழுக்க வீட்டிலை வைச்சுப் பழகினனான்."

"இப்ப சரியா வருதா?"

"ஓம், ஓம். இப்ப கை அசையாது."

எதிரே மரக்கறி இறக்கும் லாரியின் பின்கதவு டமாரென்று விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு அவரிடம் சிரிக்கத் திரும்புகிறேன். முகம் இல்லை. கேடயம் நிமிர்ந்து நிற்கிறது. அதன் கீழே சப்பாத்துப் போட்ட இரண்டு கால்கள்.