நாலு பத்துக்கு உருண்டு வந்த முட்டை

மருந்துக்கடைக்காரர் தன் மகன் வீட்டுக்குக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. காலை ஏழே காலுக்கு வாடகைக் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவரோ மூன்றாம் மாடியில், தன் வீட்டு வாசலில் மண்டியிட்டு, நாயின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு, "எட்டே வாரம்டா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் பிறந்திருந்தான். அந்தச் சந்தோஷத்தில் பெட்டியை மூன்று முறை பூட்டித் திறந்தவர், நாயைப் பிரிகிற துக்கத்தில் மூக்குக் கண்ணாடியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்.

நாயின் பெயர் ஜட்ஜ். யார் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்கும்; தீர்ப்பு மட்டும் சொல்லாது. பதினோரு வயது. கல்லீரல் கெட்டுப் பிழைத்து எழுந்தது. காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை, அதுவும் மருத்துவர் எழுதிக்கொடுத்த உணவு மட்டும்தான்.

"உன்னை நம்பித்தாம்மா விட்டுட்டுப் போறேன்" என்று அவர் சாவியை ஆறுகயிறு அக்காவின் கையில் வைத்தார்.

"கோப்பையில கோடு போட்டிருக்கீங்க இல்ல? அந்தக் கோட்டுக்கு மேல ஒரு பருக்கை ஏறாது. கிளம்புங்க, கார்க்காரர் கத்தறார்."

எதிர்வீட்டுக் கதவு விரலளவு திறந்திருந்தது. அங்கே குடியிருப்பது மருந்துக்கடைக்காரரின் அண்ணனும் அண்ணியும்தான். அண்ணன் முப்பத்துநாலு வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி இந்தக் கட்டடத்துக்கே அண்ணி. பெரியவர் சிறியவர் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாய் முடி என்றாலே அவருக்குத் தும்மல் வரும். அதனால்தான் ஜட்ஜ் தன் வீட்டிலேயே இருக்க, வெளியாள் ஒருத்தி வேளைக்கு வந்து பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. உடன்பிறந்தவன் எதிரிலேயே இருக்கும்போது சாவி யாரோ ஒருத்தியிடம் போனது அண்ணிக்கு உறுத்தியது. விரலளவு திறந்த கதவு சத்தமாகச் சாத்தப்பட்டது.

அந்த யாரோ ஒருத்தியின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆறுகயிறு அக்கா பத்தொன்பது வருடம் துணி ஆலையில் வேலை பார்த்தவள். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் அறுந்த இழை, எண்ணெய்க் கறை, தடித்த நூல் எது வந்தாலும் நிறுத்தி, சாக்குக்கட்டியால் வட்டம் போடுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் மீட்டர். "உனக்குக் கண்ணா, பூதக்கண்ணாடியா?" என்று மேலாளரே கேட்டிருக்கிறார். ஆலை மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தூங்கினாள். எட்டாம் நாள் பக்கத்து வீட்டு நாயை நடத்திக்கொண்டு போனாள். அது ஊரறிய முரட்டு நாய், அவளிடம் மட்டும் பூனை மாதிரி வந்தது. நாலு பேர் பார்த்தார்கள், நாலு நாய் சேர்ந்தது. பிறகு ஆறு. ஒரே கையில் ஆறு கயிறு, ஒன்றோடொன்று சிக்காமல். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பையில் தீனி வைத்துக்கொள்ள மாட்டாள். பிஸ்கட்டைக் காட்டி நாயைக் கூட்டிப்போவதை அவள் கேவலமாக நினைத்தாள். "தீனிக்கு வர்ற நாய் தீனி இருக்கற இடத்துக்கெல்லாம் போகும். என் நடைக்கு வர்ற நாய் என்னோட வரும்" என்பாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஐந்தாவது வாரம் ஜட்ஜை எடை பார்க்க மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மருத்துவர் எடைமேடையைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கு. யாரு என்ன போடறீங்க?"

"ரெண்டு கோப்பை. கோடு வரைக்கும்."

"கோப்பை பொய் சொல்லலாம், எடை சொல்லாதும்மா. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா நான் கையை விரிக்க வேண்டியதுதான்."

திரும்பி வரும்போது மாடிப்படியில் அண்ணி. விசாரித்தார். மறைக்க என்ன இருக்கிறது என்று அக்கா உள்ளதைச் சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் கட்டடத்து வாட்ஸாப் குழுவில் எழுதியிருந்தார்: 'நாய் சொன்ன பேச்சுக் கேக்கணும்னு கண்டதையும் போட்டுக் கொழுக்க வைக்கிறவங்க கையில நாம வீட்டுச் சாவியைக் கொடுத்து வச்சிருக்கோம். என் கொழுந்தனார் நாய் சாகக் கிடக்குது. அவங்கவங்க யோசிச்சுக்குங்க.'

யோசித்தார்கள். மாலை ஆறு மணிக்குள் மூன்று வீட்டில் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், ஒருவர் சிரித்து மழுப்பினார், மூன்றாமவர் கதவைத் திறக்காமல் இடுக்கு வழியே கையை மட்டும் நீட்டினார். அந்தக் கைதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

வீட்டில் அவள் கணவன் அச்சகத்திலிருந்து மை படிந்த விரல்களோடு வந்து, விஷயத்தைக் கேட்டு, "விட்டுத் தள்ளு. வேற தெருவுல நாய் இல்லையா?" என்றான்.

"வேற தெருவுக்கு என் பேர் எனக்கு முன்னாடியே போயிருக்கும்."

செவிலியர் பயிற்சியில் இருந்த மகள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப துப்பறியப் போறியாம்மா? கோட்டு, தொப்பி எல்லாம் வாங்கணுமா?"

"உன் குளியலறைத் தராசைக் கொடு. அது போதும்."

"அது என் எடையையே தப்பாத்தான் காட்டுது."

"அது சரியாத்தான் காட்டுது. நீதான் நம்ப மாட்டேங்கற."

மறுநாளிலிருந்து தினமும் இரண்டு முறை, மதியம் மூன்றுக்கும் மாலை ஐந்தேகாலுக்கும், ஜட்ஜைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினாள். மொத்தத்திலிருந்து தன் எடையைக் கழித்துக் குறித்தாள். இருபத்தைந்து கிலோ நாயைத் தூக்குவது விளையாட்டல்ல, இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜட்ஜ் அவள் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு வழக்கைக் கேட்பதுபோல் இருந்தது.

பத்து நாள் கழித்து அந்தத் தாளைச் சமையல் மேடையில் விரித்துப் பார்த்தாள். செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு: மூன்று மணிக்கும் ஐந்தேகாலுக்கும் ஒரே எடை. திங்கள், புதன், வெள்ளி: ஐந்தேகாலுக்கு நானூறு கிராம் கூடுதல். ஒரு முறைகூடத் தப்பவில்லை.

அவளுக்குப் புல்லரித்தது. ஆலையில் முதல் நாள் கற்றுக்கொடுத்த பாடம் இது: குறை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் நூலைத் திட்டு, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் உருளையைப் பார். சுற்றுகிற ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் கறையை வைக்கிறது. திங்கள், புதன், வெள்ளி சுற்றி வருவது யார்?

முதலில் அகப்பட்டவர் தண்ணீர் கேன் போடுகிறவர். அவருக்கும் அதே மூன்று நாள்தான். படிக்கட்டில் மறித்தாள்.

"மூணாவது மாடி நாய்க்கு நீங்க ஏதாவது போடறீங்களா?"

அவர் கேனைத் தோளிலிருந்து இறக்கினார். "அக்கா, நான் மதியச் சோறு சாப்பிடறதே நாலு மாடி ஏறி இறங்கினப்புறம்தான். என் டிபன் பாக்ஸை நாய்க்குக் கொடுத்துட்டு நான் என்ன, தண்ணியைக் குடிச்சிட்டுப் போகவா? அதுவும் விக்கிற தண்ணி."

"எத்தனை மணிக்கு வருவீங்க?"

"பன்னெண்டு. அதுக்கப்புறம் என் வண்டி இந்தத் தெருவுலயே இருக்காது."

மூன்று மணி எடையில் மாற்றமில்லை. ஆகவே அவர் இல்லை. அவளே அவர் கேனை ஒரு மாடி தூக்கிக்கொடுத்தாள், சந்தேகப்பட்டதற்கு அபராதம்.

மறுபடி ஜட்ஜின் வீட்டுக் கதவைப் பார்த்தாள், மேசை மேல் துணியைப் பார்க்கிற பார்வையாக. கதவின் அடிப்பாகத்தில் தபால் போடுகிற துளை, அதற்குப் பித்தளை மூடி. மருந்துக்கடைக்காரருக்கு யாரும் தபால் எழுதி வருடக்கணக்காகிறது. மூடி கறுத்துக் கிடந்தது. ஆனால் அதன் வலது ஓரம் மட்டும் தங்கம் மாதிரி பளபளத்தது. யாரோ ஒரு கட்டைவிரல் அங்கே அடிக்கடி தேய்த்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்து அண்ணியின் செருப்புச் சத்தம் படியிறங்கியது. திங்கள், புதன், வெள்ளி அண்ணிக்கு நீச்சல் வகுப்பு. கட்டடத்துக்கே தெரிந்த விஷயம். நாலு ஒன்பது இருக்கும், ஜட்ஜ் எழுந்து உடம்பை உதறி, கதவுக்கு முன்னால் போய், நடைமேடையில் ரயிலுக்கு நிற்கிறவன் மாதிரி உட்கார்ந்தது.

நாலு பத்து. பித்தளை மூடி தூக்கியது. தோலுரித்த அவித்த முட்டை ஒன்று உருண்டு வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு உருளைக்கிழங்குத் துண்டுகள், பூசணித் துண்டுகள், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். வெளியிலிருந்து மெல்லிய குரல்: "சாப்பிடு ராசா. நாக்குல படாம முழுங்கிடு. அதான் ரகசியம்."

அக்கா குனிந்து துளையருகே சொன்னாள்: "உப்பே போடலியா அண்ணா?"

வெளியே தட்டு கீழே விழுந்தது.

கதவைத் திறந்தாள். ரயில்காரர் வயதை மறந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், கரண்டியோடு.

"சத்தம் போடாதம்மா. ரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பு கூடாது, எண்ணெய் கூடாதுன்னுட்டார். மத்த நாள் சாயங்காலம் அவிச்சதை வச்சுட்டு அவ எதிர்ல உக்காந்துக்கறா, தின்னுதான் ஆகணும். இந்த மூணு நாள்தான் எனக்கு விடுதலை."

"அண்ணிகிட்ட நல்லா இல்லன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

அவர் கரண்டியைத் துடைத்தார். "முப்பத்துநாலு வருஷம் நான் வண்டியில இருந்தேன். அவ தனியாவே சமைச்சுத் தனியாவே சாப்பிட்டா. இப்ப நான் வீட்டுல இருக்கேன். வந்து காலித் தட்டைப் பாத்தா அவ மூஞ்சியில ஒரு சிரிப்பு வரும் பாரு. அதைக் கெடுக்க மனசு வரல. நாயும் வேண்டாங்கல."

"அந்த நாயோட கல்லீரல் பத்தித் தெரியுமா? என்னால இல்ல, உங்களால அது செத்திருக்கும்."

அவருக்கு முகம் வெளுத்தது. அவித்த காய்கறியில் என்ன கெடுதல் என்று உண்மையாகவே நினைத்திருந்தார். தனக்கு நல்லதென்று டாக்டர் சொன்னது நாய்க்கும் நல்லதுதானே என்று. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாயின் நெற்றியைத் தடவினார்.

"ஞாயித்துக்கிழமை கீழே கூட்டம் இருக்கு" என்றாள் அக்கா. "நீங்களே எழுந்து சொல்லணும். இல்லன்னா நான் சொல்வேன்."

"சாப்பாட்டு விஷயத்தையுமா?"

"என் பேர் எனக்கு வேணும். உங்க தட்டு உங்க வீட்டு விஷயம்."

ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி, விளக்கு எல்லாம் பேசி முடித்ததும் அக்கா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. தாளை விரித்து, நாள், மணி, எடை என்று வாசித்தாள். "வேளைக்கு ஒரு கோப்பைதான் நான் போட்டேன். திங்கள், புதன், வெள்ளி நாலு மணிக்கு மேல போட்டது நான் இல்ல. அந்த நேரம் நான் பூங்காவுல மத்த நாய்களோட இருப்பேன். பாத்தவங்க இங்கயே அஞ்சாறு பேர் இருக்கீங்க."

ரயில்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "நான்தான் போட்டேன். தபால் துளை வழியா. இந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்ல. சரியா நாலு பத்துக்குப் போட்டேன், ஒரு நாளும் தாமதமில்ல" என்று பழக்கதோஷத்தில் சேர்த்துக்கொண்டார்.

கூட்டம் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. "வாயில்லா ஜீவன்னு இரக்கப்பட்டிருப்பார்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, நாற்காலியை மடக்கிக்கொண்டு மாடியேறினார். ஒரு வார்த்தை மன்னிப்பு வரவில்லை.

சாவியைக் கேட்டு வாங்கிய மூன்று பேரும் அங்கேயே நீட்டினார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கேட்டு வாங்கினது உங்க வாசல்ல. கொடுக்கறது என் வாசல்ல இருக்கட்டும்." மறுநாள் மூன்று பேரும் இரண்டு தெரு நடந்து வந்து கொடுத்தார்கள். இடுக்கு வழியே கையை நீட்டியவர் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீரும் குடித்துவிட்டுப் போனார். மகள் அன்று முழுவதும் கையில் இல்லாத பூதக்கண்ணாடியால் அம்மாவையே உற்றுப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

மருந்துக்கடைக்காரர் திரும்பியபோது ஜட்ஜ் பழைய எடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் அந்தத் தாளை நகலெடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். எந்த நாய்க்கு எடை ஏறினாலும், "இப்படி எழுதிட்டு வாங்க" என்று அதைக் காட்டுவார். அதன்பிறகு தெருவில் பார்சல் காணாமல் போனாலும், தினமும் ஒரே நேரத்தில் யாரோ மணியடித்துவிட்டு ஓடினாலும் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். பாதிக்கு மேல் கண்டுபிடித்தாள். மீதிப் பாதியைப் பற்றி அவள் பேசுவதில்லை.

அண்ணி மட்டும் படியில் எதிர்ப்பட்டால் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினார். பிறகு அவரும் ரயில்காரரும் தங்கள் மகள் வீட்டுப் பக்கமாகக் குடிபோய்விட்டார்கள். சொன்ன சொல் திரும்பப் பெறப்படாமலே நின்றது. அதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "எனக்கென்ன, பூங்காவுக்கு நேரமாச்சு" என்று அக்கா கயிறுகளைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவாள்.

இரண்டரை வருடம் கழித்து ஒரு புதன்கிழமை, பூங்கா வாசலில், எட்டு நாய்களும் எட்டுப் பக்கம் முகர்ந்துகொண்டிருக்க, அவள் கைபேசி அதிர்ந்தது. அண்ணியின் எண். பல்லால் கயிறுகளைக் கவ்விக்கொண்டு வாசித்தாள்:

'இவர் போன வாரம்தான் முழுசாச் சொன்னார். இரக்கம் இல்லையாம், என் சமையலாம். ரெண்டு நாள் அவரோட பேசல. டாக்டரைக் கேட்டு இப்போ எலுமிச்சம்பழமும் மிளகும் சேர்க்கிறேன், தட்டை நக்குறார். அன்னிக்கே கூட்டத்துல நீங்க சொல்லியிருந்தா நான் தலை நிமிர்ந்து நடந்திருக்க முடியாது. நீங்க சொல்லல. நான் உங்களைச் சொன்னது தப்பு. அந்தக் கட்டடத்துக் குழுவுல நான் இன்னும் இருக்கேன். இதை இப்போ அதுலயும் போட்டுட்டேன், எல்லாரும் படிக்கட்டும். தட்டு விஷயத்தை மட்டும் விட்டுட்டேன்.'