மறியலில் ஐந்தாவது யூனிட்

அந்த டவுன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நான் இறங்கியிருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும் நாட்களில் இறங்கியிருக்கத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. அவள் சிரித்து விளையாடும் நாட்களில் அவ்வளவு உறுதியாகத் தோன்றுவதில்லை.

நான் படித்தது பி.எஸ்சி. கணிதம், தமிழ் வழி. கடைசி வருடத்தில் கல்யாணம், கடைசி செமஸ்டரில் பிரசவம். இயற்கணிதப் பரீட்சை நடந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மற்றவை எல்லாம் தேறி, அந்த ஒரு பேப்பர் மட்டும் நின்றுவிட்டது. பாடத்திட்டம் மாறுவதால் நவம்பரில் எழுதுவதுதான் கடைசி வாய்ப்பு என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதை விட்டால் டிகிரி இல்லை. டிகிரி இல்லாமல் பி.எட். இல்லை. டீச்சர் ஆவது என்பது நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே முடிவு செய்துகொண்டது.

ஐந்து யூனிட்டில் நான்கைப் படித்து முடித்திருந்தேன். முடித்தேன் என்றால், மனப்பாடம் செய்திருந்தேன். எங்கள் கல்லூரியில் கணக்கையும் மனப்பாடம்தான் செய்வோம். தேற்றம், நிரூபணம், எந்த வரியில் ‘எனவே’ வருகிறது என்பது வரைக்கும். ஐந்தாவது யூனிட்டை மட்டும் தொடவே இல்லை. குழந்தை தூங்கினால் படிக்கலாம் என்று இருப்பேன். அவள் தூங்கினால் எனக்கும் தூக்கம் வந்துவிடும். ஒரு யூனிட்டை விட்டுவிட்டும் தேறலாம்தான். ஆனால் மற்ற நான்கில் ஒன்று காலை வாரினால் என்ன செய்வது?

பரீட்சை மதியம். கும்பகோணத்தில் கல்லூரிக்குப் பக்கத்திலேயே அக்கா வீடு. காலையிலேயே போய், குழந்தைக்குப் பால் கொடுத்து, அக்காவிடம் விட்டுவிட்டு, மிச்ச நேரம் ஐந்தாவது யூனிட் என்று திட்டம். அன்றைக்கு வலங்கைமான் சாலையில் மறியல் இருந்தது. ஐப்பசி முடியப்போகிறது, மழையும் இல்லை, ஆற்றில் விட்ட தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரவும் இல்லை. நட்ட சம்பா வயல் வெடித்துக் கிடந்தது. என் கணவரும் மறியலுக்குப் போனார்.

“பதினோரு மணிக்குத்தான் உட்காருவோம். நீ ஒம்பதரை பஸ்ஸுல ஏறிட்டீன்னா ஒண்ணும் பிரச்சனை இல்ல,” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

தாசில்தார் சீக்கிரமே வரப்போகிறார் என்று யாரோ சொல்ல, அவர்களும் சீக்கிரமே உட்கார்ந்துவிட்டார்கள். என் பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுபோனது.

பஸ்ஸில் பாதிப் பேர் பரீட்சைக்குப் போகிறவர்கள். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு எல்லாரும் இறங்கி, பாலத்துக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து கைடைத் திறந்தார்கள். கீழே வாய்க்கால் வறண்டு கிடந்தது. ஒரு பெண் கேள்வி கேட்க, இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். எதிரே சாலையில், “தண்ணீர் விடு! தண்ணீர் விடு!” என்று கோஷம். இரண்டு சத்தமும் கலந்து கேட்டது.

நானும் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஐந்தாவது யூனிட்டை எடுத்தேன். ஒரு வரி படிப்பதற்குள் அவள் கைடின் மூலையை வாயில் வைத்துக்கொண்டாள். பிடுங்கினால் அழுதாள். நான் சத்தமாகப் படித்தால் அழுகையை நிறுத்தினாள். அதனால் சத்தமாகவே படித்தேன்.

“ஒவ்வொரு களமும் ஓர் எண் அரங்கம் ஆகும்...”

மறியலில் இருந்து வெற்றிலை போட வந்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். “களத்துக்கு இந்த வருஷம் வேலையே இல்லம்மா. வேற ஏதாச்சும் படி.”

பாலத்துக் கட்டை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்றைய மறியலில் எங்களைப் போன்ற சொந்த நிலக்காரர்களும் இருந்தார்கள், கோயில் நிலக் குத்தகைக்காரர்களும் இருந்தார்கள், நடவு வேலைக்கு வரும் பெண்களும் இருந்தார்கள். கூலிக்காகவும் குத்தகைக்காகவும் எதிரெதிரே நின்று சண்டை போடுகிறவர்கள். அந்தச் சித்திரையில்கூட பஞ்சாயத்து போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருந்தது. தண்ணீர் என்று வந்ததால் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கட்சிக் கரைவேட்டியும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தது.

மறியலில் சிலரை விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆம்புலன்ஸ், பிள்ளைத்தாய்ச்சி, முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள். சற்று நேரத்தில், “பரீட்சைப் புள்ளைங்க நடந்து வாங்க, அந்தாண்ட பஸ் நிக்குது,” என்று குரல் கொடுத்தார்கள். கூட்டம் நடுவே விலகி வழி விட்டது. நாங்கள் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தோம்.

பாதி வழியில் என் கணவர் எழுந்து வந்தார். தோளில் பச்சைத் துண்டு.

“படிச்சிட்டியா?”

“எங்கேங்க... கைடைத் தின்னுறா.”

“பாப்பாவ இங்க குடு. பஸ்ஸுல உட்காந்து படிச்சிட்டுப் போ. தாசில்தார் வந்து பேசினதும் பைக்குல கொண்டுபோய் அக்கா வீட்டுல விட்டுடறேன்.”

“அழுவாளே...”

“என்கிட்ட அழமாட்டா. போ, பஸ்ஸ எடுக்கப் போறான்.”

கொடுத்தேன். அவள் அழவில்லை. அவருடைய துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கைடைத் திறந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு மடி காலியாக, ஒரு பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அந்தச் சுகத்தை மறைக்க விரும்பவில்லை.

பஸ் நகரும்போது பின்னால் விசில் சத்தம் கேட்டது. திரும்பினேன். தாசில்தாருக்குப் பதிலாகப் போலீஸ் வேன் வந்திருந்தது. ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பச்சைத் துண்டு, அதற்கு மேலே என் மகளின் மஞ்சள் தொப்பி. அது வேனுக்குள் போனது.

எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் பார்த்தார்.

“என்னம்மா, இறங்கணுமா?”

பக்கத்தில் இருந்த பெண், “கல்யாண மண்டபத்துலதான்க்கா வைப்பாங்க. சாயங்காலம் விட்டுடுவாங்க. எங்கப்பா மூணு தடவ போயிருக்காரு, சாப்பாடெல்லாம் நல்லாருக்குமாம்,” என்றாள். கண்டக்டர் இன்னும் ஒரு நொடி காத்திருந்தார். பிறகு விசில் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தோளில் கனம் தெரிந்தது. ஹால் டிக்கெட்டும் பேனாவும் இருந்த பையில்தான் குழந்தையின் கஞ்சி பாட்டிலும் மாற்றுத் துணிகளும் இருந்தன. குழந்தையைக் கொடுத்தவள் பையைக் கொடுக்கவில்லை.

கும்பகோணத்தில் இறங்கியதும் போன் செய்தேன்.

“மண்டபத்துலதான் இருக்கோம். ஃபேன் ஓடுது. நீ எழுது.”

“கஞ்சி என்கிட்ட இருக்குங்க! வாங்கிட்டுப் போங்க.”

“எப்படி வர்றது? வாசல்ல போலீஸ் நிக்குது. இங்க பொம்பளைங்கல்லாம் இருக்காங்க, பாத்துக்குவாங்க. வைக்கிறேன்.”

அக்காவிடம் சொன்னேன். “ஏண்டி, புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பிட்டு நீ பரீட்சைக்கு வந்தியா?” என்றாள். என்னைப் பார்த்துவிட்டு, “சும்மா சொன்னேன். நான் மண்டபத்துக்குப் போய்ப் பாக்குறேன், பையக் குடு,” என்றாள். ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பையைக் கொடுத்தேன். அவள் ஆட்டோ பிடித்துக் கிளம்பிய பிறகு நான் கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்து அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் மனதில் ஏறிய வரிகள் அங்கே ஏறவே இல்லை.

பரீட்சை எழுதினேன். ஐந்தாவது யூனிட்டில் நான் பஸ்ஸில் படித்தது வரவில்லை, ‘அல்லது’க்குக் கீழே அதை ஒட்டிய ஒன்று வந்தது. முக்கால்வாசி எழுதினேன். நடுவில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுதினேன். கண்காணிப்பாளர் ஒன்றும் கேட்காமல் என் பக்கத்து ஃபேனை மட்டும் நிறுத்தினார். குளிருகிறது என்று நினைத்திருப்பார்.

முடிந்ததும் மண்டபத்துக்கு ஓடினேன். யாரோ கல்யாணத்துக்குக் கட்டிய காகிதப் பூக்கள் மேடையில் அப்படியே இருந்தன. ஒரு ஓரத்தில் நடவுக்கு வரும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண்ணின் சொந்தக் குழந்தையும் தூங்கியது. அக்கா கஞ்சி பாட்டிலோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாட்டில் நிரம்பியே இருந்தது.

“நான் வர்றதுக்குள்ளயே இவ பால் குடுத்துட்டாடி,” என்றாள் அக்கா, தாழ்ந்த குரலில்.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் வயலில் நாற்று நட்டவள். அதுவரை நான் அவளிடம் சேர்ந்தாற்போல இரண்டு வார்த்தை பேசியதில்லை.

“அழுதுச்சுக்கா. ஐயாவுக்கு என்ன பண்றதுன்னே தெரியல, துண்டால விசிறிக்கிட்டு நின்னாரு. அதான் வாங்கிக்கிட்டேன். நீங்க ஒண்ணும் நெனச்சுக்கலியே?”

“இல்ல, இல்ல.”

“பரீட்ச நல்லா எழுதுனீங்களா?”

“ஏதோ எழுதியிருக்கேன்.”

“ஏதோவா? இவ்ளோ பேர் ஜெயிலுக்கு வந்துருக்கோம், பாஸாயிடணும் ஆமா!” என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் விழிக்கவில்லை.

தண்ணீர் பிறகு கொஞ்சம் வந்தது, கொஞ்சம் பயிர் பிழைத்தது. ஜனவரியில் ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன். தேவைக்கு மேல் அதிகமாக ஒன்றும் இல்லை, ஐந்தாவது யூனிட் இல்லாவிட்டால் தேறியிருக்கமாட்டேன்.

இப்போது பி.எட். சீட் கிடைத்திருக்கிறது. மகள் தத்தித் தத்தி நடக்கிறாள், இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. சேர்ந்தால் தினமும் காலையில் போய் இருட்டும் நேரத்தில் வரவேண்டும். “சேரு, பாத்துக்கலாம்,” என்கிறார் கணவர். அக்காவோ, “ஒரு வருஷம் போகட்டும்டி, சீட் எங்க ஓடிடப் போவுது?” என்கிறாள். அடுத்த வருடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. இப்படி ஒரு வருடம் என்று தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு படிக்கவே போகாத தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். சேர்ந்துவிட்டுப் பாதியில் நின்ற ஒருத்தியும் இருக்கிறாள். கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், பாலை எப்படி மறக்கடித்தீர்கள், பகலில் குழந்தையை யாரிடம் விட்டீர்கள், எப்போது படித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். சேராமல் இருந்துவிட்டவர்களும் எழுதுங்கள்.