இரண்டு விரல் நுழையாத போத்தல்

பால் போத்தலின் ரப்பர் சூப்பியைக் கடைவாயில் வைத்துக் கடித்து இழுக்கிறார் இக்னேசியஸ். ஹட்டன் கடைவீதியில், பட்டப்பகலில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. கடை முதலாளி தலையில் கை வைக்கிறார்.

“கடிச்சத இனி யாருங்க ஐயா வாங்குவா?”

“கடிச்சா பிஞ்சி வர்றத எதுக்கு விக்கிறீங்க? பச்சப்புள்ள தொண்டையில போயி அடைக்கிறதுக்கா?”

அடுத்து போத்தலின் முறை. வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணாடியில் கீறல் தேடுவார். மூக்கை வைத்து முகர்வார். பிறகு இரண்டு விரல்களைப் போத்தலின் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார். அவை நுழையாவிட்டால், அந்தப் போத்தலுக்கும் அதை விற்கிறவருக்கும் அவர் வழங்கும் பட்டங்களை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

இத்தனைக்கும் வாங்குவது அவருக்கல்ல. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் ஆபீஸ் கிளாக்கர். தொழிலாளர் லயத்தில் ஒரு பிள்ளைக்குப் புட்டிப்பால் என்று காதில் விழுந்தால் போதும், அந்தப் பிள்ளையின் தகப்பனோடு, அவன் அழைக்காமலே, தானும் பஸ் ஏறிவிடுவார்.

இந்த ஞானம் பிறவியில் வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன் அவர் கையாண்ட போத்தல்கள் எதிலும் பால் இருந்ததில்லை.

மூத்தவன் றோலண்ட் பிறந்த சில வாரங்களில் மனைவி தெரேசாவுக்கு மார்பில் கட்டி வந்து, தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போயிற்று. இக்னேசியஸ் கண்டிக்குப் போய்ச் சீமைப் போத்தல் ஒன்று வாங்கிவந்தார். வளைந்து ஒடுங்கிய கழுத்து, வயிற்றில் ரோசாப்பூ. கழுவுகிற பிரஷ் உள்ளே போகாது. அதனாலென்ன? பார்க்க அழகாக இருந்தது.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. இக்னேசியஸ் விசாரணையைத் தொடங்கினார். முதல் குற்றவாளி பால்மா. அப்புறம் மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர். அப்புறம் நோட்டன் பிரிட்ஜ் பனி. எல்லோரும் விடுதலையான பிறகு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த கொழுந்தியாள் அந்தோனியம்மா மாட்டிக்கொண்டாள்.

“மச்சான், போத்தல்ல ஏதோ வாடை அடிக்குது” என்று சொன்னாள் அவள்.

“சீமையில செஞ்ச போத்தல்ல வாடையா? மொதல்ல ஒம் மூக்கக் கழுவு!”

பிள்ளை துவண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கண் குழிவிழுந்த மகனுக்கு உள்ளே சேலைன் ஏற்றினார்கள். வெளியே பெஞ்சில், போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இக்னேசியஸ் உட்கார்ந்திருந்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் சூப்பியைக் கழற்றி முகர்ந்தார். அந்தோனியம்மா சொன்ன அதே வாடை. கழுத்து வளைவில் பழைய பால் மஞ்சள் ஆடையாகப் படிந்திருந்தது. குழாயடிக்குப் போய் ஈர்க்கு விட்டுக் குடைந்தார். அந்த வளைவை ஈர்க்கும் எட்டவில்லை.

“அன்னைக்குத்தாங்க எனக்கு மூக்கே மொளச்சிச்சி” என்றார் என்னிடம். அப்போது அவர் சிரிக்கவில்லை.

பையன் பிழைத்தான். கொழுந்தியாளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்றேன்.

“அவளுக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்தேங்க.”

கிளாக்கர்மார் மன்னிப்புக் கேட்கும் முறை அது.

போன மாதம் தோட்டத்தில் குழந்தைகள் கண்காட்சி நடந்தது. கொழுகொழுப்பான பிள்ளைக்குத் தோட்டத் துரையின் மனைவியான துரைசாணி கையால் பரிசு. துரை மழை என்றால் கொளுத்தும் வெயிலில் குடை விரிக்கும் இக்னேசியஸ், மேசையருகே பவ்வியமாக நின்றார். கொழுந்து பறிக்கும் ராக்காயியின் பிள்ளைக்கு முதல் பரிசு: துரைசாணியே சீமையிலிருந்து தருவித்த பால் போத்தல். ஒடுங்கிய கழுத்து. அழகோ அழகு.

ராக்காயி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். கிளாக்கர் குறுக்கே போய் நின்றார்.

“குடு அத.”

“எனக்குக் குடுத்ததுங்கய்யா!”

“தெரியும். இதுல பால் ஊத்தாத. வாயகலமான போத்தலா நான் வாங்கித் தாரேன். குடு.”

கண் கலங்கக் கொடுத்தாள். போத்தல் அவருடைய கோட்டுப் பைக்குள் போயிற்று. பை புடைத்தது. துரைசாணியின் பார்வை அந்தப் புடைப்பில் வந்து நின்றது. துரையும் திரும்பினார்.

“பச்சப்புள்ள பரிசயுமா புடுங்குறாரு?” என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

விளக்கினால் துரைசாணியின் பரிசைக் குறை சொன்னதாகும். இக்னேசியஸ் போத்தலை வெளியே எடுக்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் பரிசு, பிள்ளையைத் துடைக்க ஒரு துவாய். துரைசாணியை நேராகப் பார்த்தபடி, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.