இரண்டாவது துடைப்பு

எங்கள் வீட்டில் அழித்து அழித்தே சம்பாதிக்கிறவள் என் அண்ணி. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் "என்ன வேலை அண்ணி?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டரோட அடிவயித்துல குப்பை அள்ளுற வேலை" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போயும்விடும்.

ஆனால் அவள் சொன்னது நிஜம். கம்ப்யூட்டரில் எது ஓடினாலும் அதற்குக் கொஞ்சம் நினைவகம் வேண்டும். கேட்டவருக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, துடைத்து, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். வாடகைப் பாத்திரக் கடை மாதிரிதான். அந்தக் கடையை நடத்துவது கெர்னல் என்கிற உள்மையம். அதைப் பல வருஷமாக ஊர்ப்பட்ட பேர் எழுதியிருக்கிறார்கள், ஆளுக்கொரு ஒட்டு. ஒரே வேலையைச் செய்யும் இரண்டை ஒன்றாக்கி, தேவையில்லாத வரிகளை எடுத்துப் போடுவது அண்ணியின் பாடு.

நான் தையல் மிஷினில், அவள் எதிர் மேசையில். "இன்னிக்கு எவ்வளவு அண்ணி?" என்பேன். "நாப்பது வரி போச்சு!" என்பாள். வேறு பெண்கள் நகை வாங்கினால் வருகிற சிரிப்பு இவளுக்கு இதில் வரும். ஒரு வருஷ உழைப்பைக் கெர்னல் குழு மொத்தமாக ஏற்றுக்கொண்ட அன்று அண்ணனைக்கூட அதட்டாமல் இருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளில் முன்பின் தெரியாத ஒருவர் அவளுக்கு எழுதினார். அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம், பேச்சு போய்விட்டது. ஒற்றை விரலால் தட்டினால் ஒரு பழைய மெஷின் அதைச் சத்தமாகச் சொல்லும். அந்த ஏற்பாடு வேறு எந்த மெஷினிலும் ஓடாது. புது கெர்னலை ஏற்றியதிலிருந்து மெஷின் உறைந்துவிடுகிறது. அண்ணி எனக்குப் படித்துக் காட்டினாள்: "அம்மா பாதி வாக்கியத்துல நின்னு போயிடறாங்க."

தேடிப் பார்த்தால், வினை அண்ணியுடையது. திரும்பி வந்த நினைவகத்தைப் பழைய நிரல் இரண்டு முறை துடைத்தது. ஏன் என்று யாரும் குறிப்பு எழுதவில்லை. "எவனோ தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்கான்" என்று சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்திருந்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். புது மெஷின்களுக்கு ஒரு துடைப்பு போதும். அந்தப் பழசுக்குப் போதாது. மிச்சம் ஒட்டியிருக்கும், அடுத்து வாங்குகிறவர் தடுக்கி விழுவார்.

குழுத் தலைவர் போனில் சமாதானம் சொன்னார். "அந்த மெஷினை இன்னும் யாரும்மா வெச்சிருக்கா? அதுக்கான நிரல் மொத்தத்தையும் எடுத்துடலாம். உன் வேலையும் கலையாது, இன்னும் ஆயிரம் வரி குறையும்."

பூனைக்குப் பாலைக் காட்டிய கதைதான். நான் தையலை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன்.

"ஒருத்தங்க வெச்சிருக்காங்க சார். பேசிக்கிட்டிருந்தாங்க. நான்தான் அவங்க வாயை அடைச்சுட்டேன்" என்றாள் அண்ணி. அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அந்த ஒரு வரி திரும்ப உட்கார, அவள் ஒன்றாக்கியதில் பாதியைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு தையலைப் பிரிப்பதற்கே ஊரைத் திட்டுகிறவள் நான். அவள் வாய் திறக்காமல் பிரித்தாள். நாளைக்கு வேறொருத்தி துடைப்பத்தோடு வந்தால் ஏமாறக் கூடாது என்று, ஏன் இரண்டு முறை என்பதையும் மேலே எழுதி வைத்தாள்.

அவர்கள் உலகில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் சரிசெய்தாலும், அதைச் சோதித்துப் பார்த்தவர் பெயரைக் கீழே போடுவார்கள். அது அழியாமல் இருக்கும். "உங்க பேரைப் போடட்டுமா?" என்று, திருத்தியதை ஓட்டிப் பார்த்த அந்த மகனிடம் கேட்டு எழுதினாள். "சோதிச்சது நான் இல்லைங்க, அம்மாதான். காலையிலேர்ந்து வாய் ஓயல" என்று பதில் வந்தது. அண்ணியின் பெயருக்குக் கீழே அந்த அம்மாவின் பெயர் ஏறியது.

"முதல்ல என்ன சொன்னாங்கன்னு கேளுங்க அண்ணி" என்று நச்சரித்தேன். பதிலைப் படிக்கும்போது அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

"'முடி வெட்டிக்கோடா, பாக்கச் சகிக்கல. சாப்பிட்டியா, இல்லையா?' நடுவுல எங்கேயும் நிக்கலையாம்டி."