இன்னிக்கி பெரட்டு இல்லங்க

எஹலியகொட கடைத்தெருவில் போன வாரம் ஒரு சிவப்புச் சோப்பு வாங்கினேன். குளிக்க இல்லை. மழை பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடத்துக்குப் போகிற குறுக்குப் பாதை முழுக்க ரத்தம் குடிக்கிற அட்டை. சோப்பை ஈரத்தோடு காலில் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாது என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து வைத்தியம். கடைக்கார நானாவுக்கும் அது தெரியும். "டீச்சர், அட்டைக்கா ஆளுக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். காகிதத்தைப் பிரித்து முகர்ந்தேன். அவ்வளவுதான், வாங்க வந்த மற்றச் சாமான் எல்லாம் மறந்துபோய், மோரக்கா வந்து மனதில் உட்கார்ந்துகொண்டாள்.

மோரக்கா என்றதும் எங்கள் சொந்தக்காரி யாரோ என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பெயர் மோராக். ஸ்கொட்லாந்துக்காரி, நடிகை. பெயரை ஒரு தடவை கேட்ட, எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் தங்கம்மாக்கா, "மோரு அக்காவா? நல்ல பேருதான்" என்றார். ஐம்பது வயது தங்கம்மாக்காவே அக்கா என்ற பிறகு யார் மாற்றுவது? இருபத்து மூன்று வயதில் அவள் தோட்டத்துக்கே அக்காவாகிவிட்டாள்.

அப்போது எனக்கு இருபத்தொன்று. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தெரணியகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லொறியும் வேனுமாகப் படம் எடுக்க வந்து இறங்கினார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை குடும்பத்துக் கதையாம். மோரக்காவுக்குத் துரையின் மகள் வேஷம். முதல் நாளே அட்டை கடித்து, காலில் ரத்தம் வழிய, பிள்ளைக்காம்பரா வாசலில் ஏறி நின்றாள். நான் சோப்பை நனைத்துக் கொடுத்தேன். எங்கள் சிநேகம் அப்படி நுரையில் தொடங்கியது.

பிற்பகல் மழையில் படப்பிடிப்பு நின்றுபோகும். அவள் வந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டே தன் கதையைச் சொல்வாள். என் இங்கிலீஷ் நொண்டி, அவளுடையது ஓட்டம். பாதி புரியும், மீதியை அவள் நடித்துக் காட்டுவாள். முதல் நாடகத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரு தட்டும் ஒரே ஒரு வசனமும்: "கடிதம் வந்திருக்கிறது, அம்மா." அதைப் பன்னிரண்டு விதமாகச் சொல்லிக் காட்டுவாள், பதினோராவது விதத்தில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். அடுத்த நாடகத்தை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்களாம். நடித்தவர்களே மேடையைப் போட்டு, அவர்களே கழற்றுவார்களாம். ஓர் ஊரில் பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

நான் பதிலுக்கு எங்கள் காமன் கூத்தைச் சொன்னேன். தங்கம்மாக்காவின் புருஷன் வருஷா வருஷம் மீசையை எடுத்துவிட்டு ரதியாக ஆடுவார். மீசை திரும்ப முளைக்கும் வரை அக்காவால் அவர் முகத்தைப் பார்த்துச் சண்டை பிடிக்க முடியாது, சிரிப்பு வந்துவிடும். "கூட்டம் எவ்வளவு வரும்?" என்று மோரக்கா கேட்டாள். முழுத் தோட்டமும் என்றேன். அவள் பொறாமைப்பட்டது நன்றாகவே தெரிந்தது.

இது அவளுக்கு முதல் படம். மொத்தமே நாலைந்து வசனம், அதில் பெரியது தமிழில். அடைமழையில் துரையின் மகள் பெரட்டுக்களத்துக்கு ஓடி வந்து, நனைந்து நிற்கிற பெண்களை வீட்டுக்குப் போகச் சொல்லும் காட்சி. பெரட்டு என்றால், விடியக்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரிப்பது. வசனத்தைத் தமிழில் எழுதித் தரும்படி படக்குழுவில் இருந்த நுவன் என்னிடம் கேட்டான்.

இங்கேதான் நான் புத்தியைக் காட்டினேன். ரத்தினபுரியில் படித்தபோது என் தோட்டத்துப் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தச் சூடு ஆறவில்லை. வெளிநாட்டுப் படத்தில் நம் கொச்சை போய் விழலாமா? இரண்டு நாள் யோசித்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "இன்று வருகைப்பதிவு நடைபெறாது. கடும் மழை பெய்கிறது. இல்லங்களுக்குத் திரும்பிச் செல்லுங்கள்." எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

பாவம், மோரக்கா அதை ஒரு வாரம் பாடமாக்கினாள். படப்பிடிப்பன்று, குழாய்த் தண்ணீர் மழையில் கூடையோடு நின்ற நாற்பது பெண்களுக்கு முன்னால் ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். தங்கம்மாக்கா பக்கத்தில் நின்றவளிடம், "என்னாடி இது, ரேடியோவுல வானில அறிக்க வாசிக்கிறாங்களா?" என்றார். களமே சிரித்தது. இரண்டாம் தடவையும் சிரித்தது. மூன்றாம் தடவை அவள் வாயைத் திறக்கும் முன்பே சிரித்தது. டைரக்டர் குடையை மடக்கிவிட்டு எழுந்தார். முகம் போதும், குரலைக் கொழும்பில் வேறு யாரையாவது பேசவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம், நாளைக் காலையில் ஒரே தடவை எடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றார்.

அன்று பிற்பகல் அவள் தொட்டிலை ஆட்டவில்லை. அவர்கள் ஊரில் ரகரம் நாக்கில் உருளுமாம். நாடகம் படித்த இடத்தில், இந்த ரகரம் வேலைக்காரி வேஷத்துக்குத்தான் உதவும் என்று சொல்லி, பல்லுக்கு நடுவில் தக்கையைக் கடிக்கவைத்து லண்டன் பேச்சு பழக்கினார்களாம். அங்கேயும் என் குரலை எடுத்துக்கொண்டார்கள், இங்கேயும் எடுத்துக்கொண்டார்கள் என்றாள். படம் பார்க்க அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறி வருவாள், வேறு எவளுடைய குரலையோ கேட்கத்தானா வருவாள் என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அவள் நாக்கில் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் என் கையெழுத்தில் இருந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொன்னேன்: நான் எழுதித் தந்தது நாங்கள் பேசுகிற தமிழே இல்லை, எங்கள் பேச்சைச் சொல்லித்தர எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கும் தக்கையா?" என்று கேட்டாள்.

இரண்டு பேருமாகத் தங்கம்மாக்கா வீட்டுக்கு ஓடினோம். அவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். "இதுக்கு எழுத்து என்னாத்துக்கு புள்ள? இன்னிக்கி பெரட்டு இல்லங்க, மழ பெலமா இருக்கு, வூட்டுக்குப் போங்க. அம்புட்டுத்தான்."

மோரக்கா 'பெரட்டு' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். அது என்ன சொல் என்றாள். விளக்கிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரேட்?" என்று தன் ஊர் ரகரத்தை உருட்டிக் கேட்டாள். எந்தக் காலத்துத் துரையோ இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனது எங்கள் வாயில் பெரட்டாகிக் கிடந்திருக்கிறது. கடைசியில் ஒரு 'டு' சேர்த்துக்கொள் என்றேன். சேர்த்தாள். தங்கம்மாக்கா ரொட்டியைத் திருப்ப மறந்துபோய், "அட, நம்ம கங்காணி கூப்புடுற மாரியே இருக்கே" என்றார்.

மறுநாள் நிஜமாகவே கொட்டியது. நுவனிடம் போய், ஒரு தடவை குரலையும் பதியச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினேன். "ஹரி நங்கி, எக்க பாரய்" என்றான். சரி தங்கச்சி, ஒரே ஒரு தடவை.

மோரக்கா ஓடி வந்தாள். "இன்னிக்கி பெரட்டு இல்லங்க. மழ பெலமா இருக்கு. வூட்டுக்குப் போங்க." யாரும் சிரிக்கவில்லை. தங்கம்மாக்கா தலையில் போட்டிருந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பி, வீடுகள் இருந்த லயத்தைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே நாற்பது பேரும் நடந்தார்கள். காட்சிப்படி அவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். டைரக்டர் கத்துவதற்கு வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. வெறும் களத்தில், மழையில், அவள் மட்டும் நின்றாள். ஏன் போனீர்கள் என்று டைரக்டர் பிறகு கேட்டதற்குத் தங்கம்மாக்கா, "போகச் சொன்னாங்க, போனோம்" என்றார். டைரக்டர் அந்தத் தடவையையே வைத்துக்கொண்டார். அவள் குரலே படத்தில் இருந்தது.

படம் எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கு வரவில்லை. அந்தத் துண்டை மட்டும் பிறகு போனுக்கு அனுப்பினாள். அவள் அம்மா மூன்று தடவை பார்த்தாளாம். இப்போது பெரிய மேடைகளில் நடிக்கிறாள், தன் சொந்த ரகரத்தோடு.

பெரட்டுக்களத்தில் இன்று டெலிபோன் கோபுரம் நிற்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்த இடத்தில் புதுக் கட்டடம், அதற்கு மூச்சு முட்டுகிற நீளத்தில் ஒரு பெயர். தங்கம்மாக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். தேயிலையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், விடிய எழுந்து வரிசையில் நிற்க ஆளில்லை. பெரட்டு என்றால் என்னவென்று என் வகுப்பில் கேட்டேன். "பொரட்டிப் போடுறதுங்களா டீச்சர், பராட்டா மாதிரி?" என்றது ஒரு பிள்ளை.

சோப்பு வாங்கிய மறுநாள் ஆறு ஏறுகிறது என்று செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிடலாம் என்று அதிபர் மைக்கை என் கையில் கொடுத்தார். "மாணவர்களே, இன்று பாடசாலை..." என்று தொடங்கி, நின்றேன். பிறகு, "புள்ளைங்களா, மழ பெலமா இருக்கு. வூட்டுக்குப் போங்க, பாத்துப் போங்க" என்றேன். மைக்கை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முற்றம் காலி. இல்லங்களுக்குத் திரும்பிச் செல்லுங்கள் என்று முத்து முத்தாக எழுதிய அந்த இருபத்தொரு வயதுப் பெண்ணை எந்த வருஷம், எங்கே தொலைத்தேனோ தெரியவில்லை. நான் தேடவும் இல்லை.